கேடயத்தில் வெட்டிய ஜன்னல்

என் தொண்டையில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் தெரியும். அதையும் சங்கிலி மறைத்துவிடும். அந்த ஜன்னலை எதற்காக வெட்டினார்கள், வெட்டும்போது நான் ஏன் விழித்துக்கொண்டிருந்தேன் என்பதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். குரல் போய், ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தைரியம் வரும். மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படியுங்கள், தப்பில்லை. நாங்களும் நிறையச் சிரித்தோம்.

நான் ஜெயராணி. வயது நாற்பத்தாறு. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை, அதாவது பாதத்தை மூடுகிற தோலை, எங்கள் லைனில்தான் தைப்பார்கள். அறுபது மிஷின், அறுபது பெண்கள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் போய், அறுபதாவது மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் காதில் விழுகிற குரல் என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஊசியில் நூல் கோக்கிற வேலையில் சேர்ந்தவளை சூப்பர்வைசர் ஆக்கியது என் படிப்பல்ல, இந்தக் குரல்தான்.

என் வீட்டுக்காரர் தாஸ் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு நேர் எதிர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்துக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் போனது, கூடவே குரலும் போனது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பஞ்சரான டியூபை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம். தொண்டைக் கட்டு என்றார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மிளகுப் பால் குடித்தேன், மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைச் சப்பினேன். இரண்டு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது. தண்ணீர் குடித்தால் புரையேறி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் இருமல். நாலு வார்த்தை பேசினால் மாடிப்படி ஏறியவள் மாதிரி மூச்சு வாங்கியது.

கம்பெனிக்கு அப்படியே போனேன். லைனில் நின்று கையைத் தட்டினேன், மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அன்று சாயங்காலம் தாஸ் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "இத்த ஊது. திரும்பிப் பாப்பாங்க" என்றார். அவர் கணக்கில் அது ஒரு நீண்ட உரை. எனக்குப் பாசம் பொங்கிவிட்டது.

மறுநாள் காலை லைன் நடுவில் நின்றுகொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி விசிலை ஊதினேன். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. மிஷினை நிறுத்தினார்கள், எழுந்தார்கள், வரிசையாக வெளியே நடந்து போய் மைதானத்தில் நின்று தலை எண்ண ஆரம்பித்தார்கள். எங்கள் கம்பெனியில் விசில் ஊதினால் தீ விபத்து ஒத்திகை என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவளே நான்தான். பக்கத்து லைனும் எழுந்து போனது. கட்டிங் பிரிவும் போனது. வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று கத்த எனக்குக் குரல் இல்லை. கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சீக்கிரம் வெளியே போகச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாகப் போனார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஜெயராணி, கொஞ்ச நாளைக்கு ஊசி ரூம்ல உக்காருங்க. வாய்ஸ் வந்தா லைன் உங்களுதுதான். வரலேன்னா… பாப்போம்."

ஊசி ரூம் என்றால் உடைந்த ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற அறை. ஒரு சின்னத் துண்டு குறைந்தாலும் விடக் கூடாது, அது ஷூவுக்குள் இருந்து யாருடைய காலையாவது குத்திவிடும். துண்டுகளைப் பொருத்தி, ரிஜிஸ்டரில் ஒட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். பொறுப்பான வேலைதான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் லைன் ஓடிக்கொண்டிருக்கும். வேறொருத்தி நின்று கத்திக்கொண்டிருப்பாள். அவள் கத்துவது பதினைந்தாவது மிஷினைத் தாண்டாது. எனக்கு அழுகை வந்தது. "வரலேன்னா பாப்போம்" என்று அவர் சொன்ன அந்தக் கடைசிப் பகுதிதான் நாள் முழுக்க காதில் ஓடியது.

ஒரு மாதம் போனதும் தாஸ் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு என்னை வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் ஒரு சின்ன ஊர். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், ரயிலில் மூன்று நாள் பயணம் செய்து வங்காளத்திலிருந்து வந்தவர்கள். என் பக்கத்தில் ஒரு வங்காளி அம்மா உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் காட்டி, கையை விரித்து, எனக்குப் பேச்சு இல்லை என்றேன். அவர் தன் தொண்டையைக் காட்டி, தனக்கும் அதே கதைதான் என்றார். இரண்டு பேரும் கையாலேயே பேசினோம். அவருக்கு இரண்டு மருமகள்கள், மூத்தவள் சரியில்லை, சின்னவள் தங்கம். இவ்வளவையும் தெரிந்துகொண்டேன். குரல் இருந்திருந்தால் மொழி தெரியாமல் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம். தொண்டைக்கு வைத்தியம் பார்க்கிறவர் இவ்வளவு மெதுவாகப் பேசுவாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும். மூக்குக்குள் மரத்துப்போக மருந்து அடித்து, நூடுல்ஸ் பருமனில் ஒரு குழாயை உள்ளே விட்டார். முனையில் கேமரா. வலிக்கவில்லை, கூச்சமாக இருந்தது, கண்ணில் நீர் வந்தது.

"ஈ… சொல்லுங்க ஜெயராணிம்மா."

காற்றாக ஒரு ஈ சொன்னேன். திரையில் என் தொண்டை தெரிந்தது. வெள்ளையாக இரண்டு பட்டை, தலைகீழாகக் கவிழ்த்த வி எழுத்து போல. வலது பட்டை நடுவுக்கு ஓடி வந்தது. இடது பட்டை அசையவே இல்லை.

"அதான் பிரச்சனை. ரெண்டும் நடுவுல வந்து ஒட்டினாதான் அதிர்ந்து சத்தம் வரும். உங்களுக்கு ஒண்ணு வந்து காத்துக்கிட்டு நிக்குது, இன்னொண்ணு வரல. நடுவுல இருக்கிற இடைவெளியில காத்து போயிடுது. தண்ணியும் அதுல தான் இறங்குது."

பிறகு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த ஒரு குரல்வளையை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கியது. இத்தனை வருஷம் இவ்வளவு சத்தம் போட்டது இத்தனூண்டு சாமானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"குரல்வளைங்கிறது எலும்பு இல்ல, குருத்தெலும்பு. மொத்தம் ஒன்பது துண்டு. ஒண்ணோட ஒண்ணு தசையாலயும் நாராலயும் கட்டி வச்சிருக்கு."

"குருத்தெலும்புன்னா?" என்று கேட்டார் தாஸ்.

"காதை மடிச்சுப் பாருங்க. வளையுது, விட்டா பழையபடி நிக்குது இல்ல? அந்தச் சாமான்தான், இது இன்னும் கெட்டி."

தாஸ் மடித்தார். தன் காதை அல்ல, என் காதை.

"நெஞ்சுக்கறியில மொறுமொறுன்னு வருமே, அதுவா மேடம்?"

"அதேதான்" என்று சிரித்தார் டாக்டர். "அது கடிக்க, இது பேச."

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முன்னால் இருப்பது தைராய்டு குருத்தெலும்பு. இரண்டு தகடுகள் திறந்த புத்தகம் மாதிரி முன்பக்கம் சேர்கின்றன. அந்தக் காலத்துக் கேடயம் போல இருப்பதால் அந்தப் பெயராம். ஆண்களுக்குக் கழுத்தில் துருத்திக்கொண்டு தெரிகிற மேடு அதுதான். பெண்களுக்கும் உண்டு, ஆனால் தகடுகள் அகலமாக விரிந்து சேர்வதால் வெளியே தெரியாது. அதற்குக் கீழே ஒரு முழு வளையம், பின்பக்கம் அகலமாக, முத்திரை மோதிரம் மாதிரி. மூச்சுக்குழாய் அமுங்காமல் காப்பது அதன் வேலை. மேலே இலை மாதிரி ஒரு மூடி. சாப்பாடு இறங்கும்போது அது மடங்கிக்கொள்ளும். மோதிரத்தின் பின்பக்கத்து மேட்டில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு குட்டித் துண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. திரையில் பார்த்த அந்த வெள்ளைப் பட்டைகள்தான் குரல் நாண்கள். அவற்றின் ஒரு முனை கேடயத்தின் உள்பக்கம், மறுமுனை இந்தக் குட்டிகளிடம். குட்டிகள் திரும்பினால் நாண்கள் மூடும், திறக்கும். மற்ற நான்கும் நெல்மணி போல மிகச் சின்னவை, அவற்றை இப்போது விட்டுவிடலாம் என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். நோய் மறந்துபோனது. ஷூவின் குதிகால் பக்கம், தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் விறைப்பாக ஒரு துண்டு வைத்துத் தைப்போம். ஸ்டிஃப்னர் என்போம். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் ஷூ துவண்டு விழும். கடவுளும் அதே முறையில்தான் செய்திருக்கிறார்.

"ஸ்டிஃப்னர்" என்று காற்றாகச் சொன்னேன்.

"இன்னாமா?" என்றார் தாஸ். பிறகு அவரே டாக்டரிடம், "ஷூ கம்பெனி மேடம். எதப் பாத்தாலும் ஷூவாதான் தெரியும்" என்றார்.

என் கேடயம் நன்றாக இருந்தது, மோதிரம் நன்றாக இருந்தது, குட்டிகளும் நன்றாக இருந்தன. இடது குட்டியைத் திருப்புகிற தசைக்கு உத்தரவு கொண்டுவருகிற நரம்புதான் வேலை செய்யவில்லை. இந்த நரம்பு மூளையிலிருந்து நேரே தொண்டைக்கு வராதாம். கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்துக்கு மேலே உள்ள பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருமாம். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்குப் போக வேலூர் போய்த் திரும்புவது மாதிரி. ஜலதோஷக் கிருமியே இந்த நரம்பைக் கெடுத்திருக்கலாம். அல்லது வழியில் எங்கேயாவது கட்டி ஏதாவது அழுத்தலாம். அதனால் கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஸ்கேனுக்கு நாலு நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அந்த நாலு நாளைத் தாண்டியது எங்கள் லைனில் தரம் பார்க்கிற ஷாஹிதாவின் புண்ணியம். தாஸ் அவளிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது "தைராய்டு குருத்தெலும்பு" என்று சரியாகத்தான் சொன்னார். அவள் முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க எனக்கு தைராய்டு என்று பரவிவிட்டது. மறுநாள் ஷாஹிதா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, முட்டைகோஸ் கூடவே கூடாது. காலிஃப்ளவரும் வேணாம். எங்க மாமியாருக்கு இருக்குது, எனக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க, வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அவ்ளோதான்."

தைராய்டு சுரப்பி வேறு, தைராய்டு குருத்தெலும்பு வேறு. சுரப்பி அந்தக் கேடயத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இதையெல்லாம் அவளுக்கு விளக்க எனக்குக் குரல் எங்கே? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சரி என்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். போகும்போது சமையலறைக்குள் நுழைந்து, இருந்த ஒரே முட்டைகோஸைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் கழுத்தை மெதுவாகத் தடவி, துவா ஓதி ஊதிவிட்டாள். அவள் போனபின் வெகுநேரம் அழுதேன், பயத்தில் பாதி, அன்பில் பாதி.

ஸ்கேன் அறை வாசலில் தாஸ் பேச ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆட்டோவில் ஏறிய ஆட்களின் கதை. பேரம் பேசி ஏறி, இறங்கும்போது ஜாஸ்தியாகக் கொடுத்துவிட்டுப் போன கிழவர், கோழியை மறந்து இறங்கிய மாப்பிள்ளை, கோழி மூன்று சவாரி முடிந்தும் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. கோழிக் கதையில் எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்புக்கும் குரல் இல்லாமல் ஹ்ஸ் ஹ்ஸ் என்று காற்றாக வந்தது. அதைக் கேட்டு அவர் சிரித்தார். நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

முடிவு சாயங்காலம் வந்தது. கட்டி எதுவும் இல்லை. நெஞ்சு சுத்தம், கழுத்து சுத்தம். கிருமியின் வேலைதான். அன்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் ஆளுக்கு இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். புரையேறாமல் இருக்க முகவாயைக் கீழே தாழ்த்தி விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் நான் குனிந்து குனிந்து விழுங்கியதைப் பார்த்து சர்வர், "அம்மா ஜபம் பண்றாங்களா?" என்று கேட்டான்.

நரம்பு தானாகவே எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு, அதற்கு மாதங்கள் ஆகும், அதுவரை பேச்சுப் பயிற்சி, அப்படியும் எழாவிட்டால் ஒரு ஆபரேஷன் என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை வேலூர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆ, ஈ, ஊ சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். மழை போய், பொங்கல் போய், வெயிலும் வந்தது. நரம்பு எழுந்திருக்கவில்லை. புது சீசன் ஆர்டர் வரப்போகிறது, அதற்குள் லைனுக்கு நிரந்தரமாக ஆளைப் போட வேண்டும் என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று அந்த வாரமே டாக்டரிடம் எழுதிக் காட்டினேன்.

ஆபரேஷன் இதுதான். நரம்பை ஒன்றும் செய்ய முடியாது. அசையாத நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டால், வலது நாண் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கேடயத்தின் இடது தகட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, சிலிகான் துண்டைச் செதுக்கி உள்ளே செருக வேண்டும். எவ்வளவு பெரிய துண்டு என்பதைக் காதால்தான் முடிவுசெய்ய முடியும். அதனால் நோயாளி விழித்திருந்து பேச வேண்டும்.

"கழுத்தை வெட்டிக்கினு இருக்கும்போது பேசணுமா?" என்றார் தாஸ்.

"மரத்துப்போக ஊசி போடுவோம். வலிக்காது" என்றார் டாக்டர். "உங்க பழைய குரல் ரெக்கார்டிங் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. நான் கேட்டதே இல்லையே."

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், ஆகவே அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் தாஸுக்கு நான் தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். என் போன் புதுசு, பழையது எதுவும் அதில் இல்லை. அவர் போனிலும் எதையும் காணோம். போனில் இடம் நிறைந்துவிடுகிறதென்று வாராவாரம் அழித்துவிடுவாராம்.

"கேட்டுட்டுதான் அழிச்சேன்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆபரேஷன் காலையில். பச்சைத் துணிக்கடியில் முகம், கழுத்து மட்டும் வெளியே. ஊசி சுருக்கென்றது, பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. லேசான மயக்க மருந்தும் கொடுத்திருந்தார்கள். பயம் எங்கேயோ பக்கத்து அறையில் இருப்பது போல இருந்தது. என் வயதில் இந்தக் குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாற ஆரம்பிக்குமாம், கத்தி போதாது என்று டிரில் எடுத்தார். வலி இல்லை, ஆனால் சத்தம் தலைக்குள்ளேயே ஓடியது. மாவு மில்லுக்குள் தலையை விட்டது மாதிரி. கண்ணை இறுக்கி மூடி, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன், வரிசை மாறி மாறி.

"ஜன்னல் ரெடி" என்றார் டாக்டர். எதையோ உள்ளே செருகினார். "ஒண்ணு ரெண்டு சொல்லுங்க ஜெயராணிம்மா."

"ஒண்ணு, ரெண்டு, மூணு…"

குரல்! காற்று இல்லை, குரல். எட்டு மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து சத்தம் வந்தது. மெல்லிசாக, பள்ளிக்கூடப் பெண் மாதிரி. "இனிமையா இருக்கே மேடம்" என்றார் நர்ஸ். எனக்கே அப்படித்தான் இருந்தது. இந்தக் குரலோடு போனால் வீட்டில் மரியாதை கூடும் என்றுகூட நினைத்தேன்.

"இதுதான் உங்க குரலா?" என்றார் டாக்டர்.

நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நாம் கேட்பது நம் குரலை உள்ளிருந்துதானே? எட்டு மாதத்தில் அது மறந்தே போயிருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றேன்.

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். பிறகு நர்ஸிடம், "அவருக்கு போன் போடுங்க, ஸ்பீக்கர்ல" என்றார். நர்ஸ் போனை என் முகத்துக்கு மேலே பிடித்தார்.

"நான்தாங்க பேசறேன்" என்றேன் அந்த இனிமையான குரலில்.

"சொல்லுங்க மேடம்" என்றார் தாஸ், மிகவும் மரியாதையாக. "ஜெயராணி வீட்டுக்காரர்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சிதுங்களா?"

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கட்டினவருக்கே தெரியாத குரல் அறுபதாவது மிஷினுக்கு எப்படிப் போகும்?

"கட் பண்ணாதீங்க, லைன்லயே இருங்க" என்றார் டாக்டர். துண்டை வெளியே எடுத்தார். "கொஞ்சம் பெருசா வச்சுப் பாப்போம். வீக்கம் வடிஞ்சா எப்படியும் கொஞ்சம் இறங்கும். லாஸ்ட்டா ஒண்ணு, இதோட முடிச்சிடலாம்."

லாஸ்ட் என்றால் எங்களுக்கு ஷூவை மாட்டி வடிவம் கொடுக்கிற கால் அச்சு. பிளாஸ்டிக்கில் பாத வடிவமாக இருக்கும். சைஸ் தப்பினால் அன்றைய வேலை முழுக்க வீண். மயக்க மருந்து பாதி, பழக்கம் பாதி, அவர் எதையோ செருகிக்கொண்டிருக்கும்போதே என் வாய் தானாகத் திறந்தது.

"எந்த சைஸ் லாஸ்ட் மேடம்? லெஃப்ட்டா ரைட்டா பாத்து எடுங்க!"

அறை அதிர்ந்தது. நர்ஸ் கையிலிருந்த போன் ஆடியது. டாக்டரின் கை அப்படியே நின்றது.

"லெஃப்ட்தான்" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஒண்ணு ரெண்டு சொல்லச் சொன்னா நோயாளி மாதிரி பேசறீங்க. இதுல்ல குரல்! இதுலயே அவரைக் கூப்பிடுங்க."

நான் மூச்சை இழுத்தேன்.

"இன்னாங்க! எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி தடாலென்று நகர்ந்தது.

"தோ கிளம்பிட்டேன் ராணி! பாலத்தாண்ட வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்!"

கதவுக்கு வெளியே இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். வேலை முடிந்து கம்பெனி கேட்டில் நின்று நான் போனில் கூப்பிடும்போதெல்லாம், ஆட்டோவை எடுக்காமலேயே சொல்கிற பொய் அது. யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்துவிட்டது. பிறகு, "ராணி? நீயா?" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது.

"இதேதான்" என்றார் டாக்டர். "சிஸ்டர், நூல் குடுங்க. ஜெயராணிம்மா, தைக்கப் போறேன், இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சொன்னதை நான் எங்கே கேட்டேன்?

"எந்தப் பாலம்?" என்றேன்.